சர்வர் எரர் லாகைக் கமாண்ட் லைனில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காத்ர் போர்ன், ரோஸ் ஹில், போர்ட் லூயி என்று மொரீஷியஸில் எங்கே பார்த்தாலும் ஒரு கோவிலுக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ மாலை வகுப்புக்கோ சொந்தக் கடைக்கோ ஒரு இணையதளம் இருக்கிறது. அதை வேலை முடிந்து வந்து ராத்திரியில் கவனித்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் இருப்பார். அந்த ஒரே ஆட்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. எரர் லாக் என்பது சர்வர் தன் பிழைகளை நேரத்தோடு எழுதி வைக்கிற ஃபைல், கமாண்ட் லைன் என்பது கட்டளைகளைத் தட்டுகிற எழுத்துத் திரை. பெரும்பாலும் உபுண்டு அல்லது டெபியன் சர்வர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், வேறு இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் பாதி நேரம் இதை ஒருவர் போனில் வாசிக்க மறுமுனையில் இன்னொருவர்தான் தட்டுவார். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தளத்தில் 500 என்று மட்டும் வருகிறது. முதலில் என்ன தட்டுவது?

500 என்றால் சர்வருக்குள் ஏதோ பிழை என்று மட்டும் அர்த்தம். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைகிற வழி) வழியாக உள்ளே போய் இதைத் தட்டுங்கள்:

சூடோ டெயில் -என் 50 /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்

டெயில் என்பது ஃபைலின் கடைசிப் பகுதியை மட்டும் காட்டும். எண் கொடுக்காவிட்டால் கடைசி 10 வரி, அது போதாது, பிஎச்பி (வேர்ட்பிரஸ் போன்றவை எழுதப்பட்ட நிரல்மொழி) ஒரு பிழைக்கே பத்து வரிக்கு மேல் கக்கும். 50 நல்ல தொடக்கம். என்ஜின்எக்ஸ் என்பது பக்கங்களை அனுப்புகிற வெப் சர்வர் மென்பொருள், அதை என், ஜி, ஐ, என், எக்ஸ் என்று தட்ட வேண்டும், வார் என்பது வி, ஏ, ஆர்.

வந்த வரிகளில் எல்லோரும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அதையே கூகுளில் தேடப் போகிறார்கள். கடைசி வரி பெரும்பாலும் விளைவுதான், காரணம் அதற்கு மேலே இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கிற நேரத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போங்கள், அமைதியாக இருந்த லாக் எந்த நிமிடத்தில் திடீரென்று நெருக்கமாக எழுத ஆரம்பித்ததோ அங்கே இருக்கிற முதல் வரிதான் உங்களுக்கு வேண்டியது. ஐம்பதில் அது இல்லையென்றால் 500 கேளுங்கள்.

எங்கள் சர்வரில் அந்த ஃபைலே இல்லையே?

அப்படியானால் என்ஜின்எக்ஸ் இல்லை, அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வராக இருக்கும். உபுண்டு, டெபியனில் அப்பாச்சியின் லாக் /வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக். ரெட் ஹேட் குடும்பத்தில், அதாவது அல்மா, ராக்கி போன்றவற்றில், அதே அப்பாச்சிக்கு எச்டிடிபிடி என்று பெயர், ஃபைல் /வார்/லாக்/எச்டிடிபிடி/எரர்_லாக். அங்கே புள்ளி இல்லை, அடிக்கோடு. இந்த ஒரு புள்ளிக்காக அரை மணி நேரம் போனவர்கள் உண்டு.

ஆனால் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ஒரே சர்வரில் கோவில் தளம், சங்கத்துத் தளம், யாரோ ஒரு அண்ணனின் கேட்டரிங் தளம் மூன்றும் இருந்தால், முன்னால் அமைத்துக் கொடுத்தவர் ஒவ்வொன்றுக்கும் தனி லாக் வைத்திருக்கக்கூடும். அப்போது பொது எரர் லாகில் எதுவுமே வராது, நீங்கள் தவறான ஃபைலைப் பார்த்துக்கொண்டு "எரரே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஊகிக்க வேண்டாம், சர்வரையே கேளுங்கள். என்ஜின்எக்ஸில்:

சூடோ என்ஜின்எக்ஸ் -டி | க்ரெப் எரர்_லாக்

இந்த டி (டெயிலின் முதல் எழுத்து) பெரிய எழுத்து. நடப்பில் இருக்கிற எல்லா அமைப்பையும் ஒன்றாகக் கொட்டும், அதிலிருந்து எரர்_லாக் வரிகளை மட்டும் க்ரெப் பொறுக்கித் தரும். அப்பாச்சியில்:

க்ரெப் -ஆர் எரர்லாக் /இடிசி/அப்பாச்சி2/சைட்ஸ்-எனேபிள்ட்/

இதில் ஆர் பெரிய எழுத்து, எரர்லாக் என்பதில் முதல் ஈ-யும் எல்-லும் பெரிய எழுத்து.

பிறகு, வெப் சர்வர் மட்டும்தான் லாக் எழுதுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு (பிஎச்பி நிரலை ஓட்டுகிற சேவை) தனி லாக் உண்டு, பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கும், உதாரணத்துக்கு /வார்/லாக்/பிஎச்பி8.2-எஃப்பிஎம்.லாக். டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்கு /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்/எரர்.லாக். வேர்ட்பிரஸில் டீபக் லாக் இயக்கப்பட்டிருந்தால் டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் டீபக்.லாக். எது எப்போது மாறியது என்று தெரிய:

சூடோ எல்எஸ் -எல்டி /வார்/லாக் /வார்/லாக்/*/

எல்டி-யில் இருப்பது டெயிலின் டி. கடைசியாக எழுதப்பட்டது மேலே வரும். தளம் விழுந்த நிமிடத்தில் வேறு எந்த ஃபைல் விழித்துக்கொண்டது என்று பார்க்க இது போதும்.

"பெர்மிஷன் டினைடு" என்கிறது.

முன்னால் சூடோ (எஸ், யூ, டி, ஓ) போட மறந்திருப்பீர்கள். லாகில் அந்தரங்கமான விஷயங்கள் வருவதால் எல்லோருக்கும் திறந்து வைப்பதில்லை. தினமும் பார்க்கிற ஆள் என்றால் டெபியன், உபுண்டுவில் ஏடிஎம் (அட்மின் என்பதில் வருகிற டி) என்ற குழுவில் அவரைச் சேர்த்துவிடலாம், பிறகு லாக் படிக்க மட்டும் சூடோ வேண்டாம்:

சூடோ யூசர்மாட் -ஏஜி ஏடிஎம் பயனர்பெயர்

ஏஜி-யில் ஏ சின்னது, ஜி பெரியது. அந்த ஏ-யை விட்டுவிட்டால் ஏற்கெனவே இருக்கிற மற்றக் குழுக்களிலிருந்து ஆள் வெளியே போய்விடுவார், சூடோ உரிமையும் சேர்த்து. வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். ஃபைலுக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்கிற அனுமதி) கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காவடிப் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே லாகைப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை, அதற்கு முந்தைய நாட்களில் பால்குடத்துக்கும் காவடிக்கும் பெயர் கொடுக்க எல்லோரும் ஒரே மாலையில் வந்து விழுவார்கள். வருடம் முழுக்கச் சும்மா இருந்த சர்வர் அன்றைக்குத்தான் உண்மையாக வேலை செய்யும்.

சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்

எஃப் பெரிய எழுத்தாக இருக்கட்டும். சின்ன எஃப் போட்டாலும் புது வரிகள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் நள்ளிரவில் லாக் சுழற்சி (பழைய ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதிது தொடங்குவது) நடந்து பழைய ஃபைல் பெயர் மாறினால் சின்ன எஃப் அந்தப் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நீங்கள் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். பெரிய எஃப் பெயரைப் பின்தொடரும், புது ஃபைல் வந்தால் அதற்கு மாறிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது என்டர் விசையை நாலைந்து முறை தட்டினால் திரையில் வெற்று இடைவெளி விழும். லாகுக்கு ஒன்றும் ஆகாது, திரையில் மட்டும்தான். அப்புறம் உலாவியில் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்தால், இடைவெளிக்குக் கீழே வருவதெல்லாம் அதற்குப் பிறகு எழுதப்பட்டவை. நெரிசல் இல்லாத நேரத்தில் இதைவிட வேகமான வழி இல்லை. முடிந்ததும் கன்ட்ரோல்-சி.

பதிவு நெரிசலில் நீங்கள் பார்க்கப்போகிற வரி ஏறக்குறைய உறுதியாக இதுதான்: பிஎச்பி-எஃப்பிஎம் சாக்கெட்டின் (வெப் சர்வர் அதோடு பேசுகிற வாசல்) பெயர், அதன் பக்கத்தில் "ஃபெயில்ட்", அடைப்புக்குறிக்குள் 11 என்ற எண், "ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்". சாக்கெட்டுக்கு வெளியே வரிசை நிரம்பிவிட்டது, உள்ளே வேலை செய்ய ஆள் போதவில்லை என்று அர்த்தம். உடனே பிஎச்பி-எஃப்பிஎம் லாகைப் பாருங்கள், அங்கே பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் எல்லையைத் தொட்டுவிட்டதாக ஒரு எச்சரிக்கை இருக்கும். டெபியன், உபுண்டுவில் இந்த எல்லை நிறுவியபடி விட்டால் வெறும் 5. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் பக்கம் தயாராகும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கூட்டலாம், ஆனால் நினைவகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஏனென்றால் கண்மூடித்தனமாக 100 போட்டால் அடுத்து விழுவது டேட்டாபேஸ்.

டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று வேர்ட்பிரஸ் சொல்கிறது, மைஎஸ்கியூஎல் லாகில் எதுவும் தெளிவாக இல்லை.

கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) மைஎஸ்கியூஎல்லைக் கொன்றிருக்கலாம். நினைவகம் தீர்ந்தால் கெர்னல் அதிகம் தின்கிற ஒன்றைப் பார்த்து நிறுத்திவிடும், சின்ன சர்வர்களில் அது அடிக்கடி மைஎஸ்கியூஎல்தான். கொல்லப்பட்டதற்கு முன்னறிவிப்பு வராது, அதனால் தன் லாகில் எதையும் எழுதி வைக்க அதற்கு வாய்ப்பில்லை. சாட்சி கெர்னல் லாகில் இருக்கும்:

சூடோ ஜர்னல்சிடிஎல் -கே | க்ரெப் -ஐ "அவுட் ஆஃப் மெமரி"

இந்த -கே இந்த முறை சர்வர் ஓட ஆரம்பித்ததிலிருந்து உள்ளதை மட்டும் காட்டும், நடுவில் மறுதொடக்கம் செய்திருந்தால் கீழே சொல்கிற -பி வழியைப் பாருங்கள்.

லாகில் இருக்கிற நேரமும் தளம் விழுந்த நேரமும் பொருந்தவே இல்லை. லாக் பொய் சொல்கிறதா?

பொய் சொல்லாது, வேறு ஊர் மணியைச் சொல்கிறது. நம் மணி யூடிசியைவிட (உலகப் பொது நேரம்) 4 மணி நேரம் முன்னால். வாடகைக்கு எடுக்கிற சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் வரும். ராத்திரி 8:15-க்குத் தளம் விழுந்தது என்று கோவில் செயலாளர் சொன்னால் நீங்கள் லாகில் 16:15-ஐத் தேட வேண்டும். விடியற்காலை 2 மணிக்கு நடந்தது என்றால் லாகில் அது முந்தைய நாள் தேதியில் 22:00, அதாவது தேதியே மாறிவிடும், சுழற்சி முடிந்து வேறு ஃபைலுக்கே போயிருக்கவும் கூடும். மக்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்த நள்ளிரவு முதல் காலை 4 மணி வரையான பகுதியைத்தான்.

சர்வர் பிரான்சில் இருந்து, அங்கத்து மணியிலேயே அமைத்திருந்தால் இன்னும் சிக்கல்: குளிர்காலத்தில் நமக்கும் பாரிஸுக்கும் 3 மணி நேரம், கோடையில் 2. நாம் மணியை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். ரீயூனியனில் இருக்கிற உறவுக்காரர்களுக்கும் இதே கணக்குதான், அவர்கள் மணியும் நம் மணியும் ஒன்று.

சர்வர் எந்த மணியில் இருக்கிறது என்று பார்க்க டைம்டேட்சிடிஎல் என்று தட்டினால் போதும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டின் எரர் லாகிலும் நேர வித்தியாசம் எழுதப்படுவதில்லை, அக்சஸ் லாகில் மட்டும் +0000 என்று பக்கத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள்.

சர்வரின் மணியை மொரீஷியஸுக்கு மாற்றலாமா? என் கருத்து, வேண்டாம், யூடிசியிலேயே விடுங்கள், வேறு சர்வரோடு ஒப்பிடும்போது தலைவலி குறையும். ஜர்னல்சிடிஎல்லுக்கு மட்டும் அந்த நேரத்துக்கு நம் மணியில் காட்டச் சொல்லலாம்:

சூடோ டிஇசட்=இந்தியன்/மொரீஷியஸ் ஜர்னல்சிடிஎல் -என் 50

டி, இசட் இரண்டும் பெரிய எழுத்து, ஊர்ப் பெயர்களில் முதல் எழுத்து பெரியது. பதிவு மாறாது, காட்டுவது மட்டும் மாறும். ஏற்கெனவே ஃபைலில் எழுதப்பட்ட வரிகளுக்கு இது உதவாது, அங்கே நாலைக் கூட்டி நம் மணிக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை.

ஜர்னல்சிடிஎல் என்றால் என்ன? டெயில் போதாதா?

சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்துகிற மென்பொருள்) இயக்குகிற சேவைகள் எல்லாம் சொல்வதை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது ஜர்னல். அதைப் படிக்கிற கருவி ஜர்னல்சிடிஎல்: ஜர்னல், பின்னால் இடைவெளி இல்லாமல் சி, டி, எல். டெபியன் 12-இலிருந்து ஆர்சிஸ்லாக் (சிஸ்லாக் ஃபைலை எழுதுகிற சேவை) தானாக நிறுவப்படுவதில்லை, ஆகவே பழைய குறிப்பைப் பார்த்து /வார்/லாக்/சிஸ்லாக் ஃபைலைத் தேடினால் அது இருக்காது. ஜர்னலைத்தான் கேட்க வேண்டும்.

சூடோ ஜர்னல்சிடிஎல் -யூ மைஎஸ்கியூஎல் --சின்ஸ் "1 அவர் அகோ"

-யூ எந்தச் சேவை, --சின்ஸ் எப்போதிலிருந்து. -பி எர் (இந்த பி, பிஎச்பியின் முதல் எழுத்து) என்று சேர்த்தால் எரரும் அதைவிட மோசமானதும் மட்டும். -ஆர் போட்டால் புதியது மேலே. -எஃப் போட்டால் நேரலை.

இங்கே ஒரு பொறி. ஜர்னல்சிடிஎல் -யூ என்ஜின்எக்ஸ் என்று கேட்டுவிட்டு "எதுவும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறார்கள். என்ஜின்எக்ஸ் தன் அன்றாடப் பிழைகளைத் தன் ஃபைலில் எழுதுகிறது, ஜர்னலுக்கு அனுப்புவதில்லை. தொடங்க முடியவில்லை, அமைப்பு ஃபைலில் அரைப்புள்ளி விட்டுப்போயிற்று போன்றவைதான் ஜர்னலில் வரும். சேவை எழும்பவே இல்லையென்றால் ஜர்னல், எழும்பி ஓடிக்கொண்டே 500 தருகிறது என்றால் ஃபைல்.

புயலில் கரண்ட் போய் வந்தது. போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க முடியுமா?

அலுவலகத்திலேயே ஒரு பெட்டியை சர்வராக வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதைக் கேட்பார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்த யாரும் தரைமட்டத்தில் சர்வர் வைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன், வைக்கிறார்கள்.

சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -1 -ஈ

-பி (பூட் என்பதன் முதல் எழுத்து, முன்னால் எர்ரோடு வந்த பி அல்ல) என்பது ஒருமுறை இயங்கிய காலம், -1 என்றால் இதற்கு முந்தையது, -ஈ நேராகக் கடைசிக்குக் கூட்டிப்போகும். ஒழுங்காக மூடியிருந்தால் சேவைகள் ஒன்றொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் இருக்கும். கரண்ட் போய் விழுந்திருந்தால் நடு வாக்கியத்தில் பேச்சை நிறுத்தியது போல் சட்டென்று முடியும், காரணம் என்று எதுவும் எழுதியிருக்காது. அந்த மௌனமே பதில்: மென்பொருளில் தேடாதீர்கள், யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். பழைய இயக்கம் எதுவுமே இல்லை என்று சொன்னால் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது, /வார்/லாக்/ஜர்னல் என்ற கோப்புறையை உருவாக்கி சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அடுத்த முறையிலிருந்து வட்டில் நிற்கும்.

பெரிய ஃபைலை எப்படிப் படிப்பது? கேட் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேட் வேண்டாம், நானோவும் வேண்டாம். லெஸ்:

சூடோ லெஸ் +ஜி /வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக்

ஜி பெரிய எழுத்து, கடைசியில் கொண்டுபோய் விடும். கேள்விக்குறி போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் அங்கிருந்து மேல்நோக்கித் தேடும், என் அடித்தால் அடுத்தது, க்யூ அடித்தால் வெளியே. நீள வரிகள் மடங்கி மடங்கித் தொல்லை கொடுத்தால் உள்ளேயே -எஸ் (பெரிய எஸ்) தட்டுங்கள், ஒரு பதிவு ஒரு வரி ஆகிவிடும், அம்புக்குறியால் பக்கவாட்டில் நகரலாம்.

லெஸ்ஸை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லாகில் இருக்கிறதில் பாதி வெளியே இருக்கிற யாரோ அனுப்பியது. டெர்மினலைக் குழப்புகிற மறைக்குறிகளை வேண்டுமென்றே முகவரியில் செருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கேட் அவற்றை அப்படியே திரைக்கு விடும், லெஸ் அவற்றைக் குறியாக மட்டும் காட்டும். திரை ஏற்கெனவே கோணலாகிவிட்டதா, ரீசெட் என்று தட்டி என்டர் கொடுங்கள்.

குறிப்பிட்ட பிழையை மட்டும் பொறுக்குவது எப்படி? அந்த நிற்கும் கோட்டை எங்கே தட்டுவது?

சூடோ டெயில் -என் 2000 /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் | க்ரெப் -ஐ பதிவு.பிஎச்பி

-ஐ பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. -வி கொடுத்தால் அந்தச் சொல் இல்லாதவை வரும், ஒரே ரோபோ லாகை நிரப்பும்போது அதைக் கழித்துக்கட்ட உதவும். -சி 3 (பெரிய சி) கொடுத்தால் முன்னும் பின்னும் மூன்று வரி சேர்ந்து வரும். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் சின்ன சி.

நிற்கும் கோடு: பிரான்சிலோ ரீயூனியனிலோ வாங்கிய லேப்டாப்பில் அசெர்ட்டி விசைப்பலகை இருக்கும், அதில் ஆல்ட்ஜிஆர் பிடித்துக்கொண்டு 6. மேக்கின் பிரெஞ்சு விசைப்பலகையில் ஆப்ஷன், ஷிஃப்ட், எல். அசெர்ட்டியில் சாய்கோட்டுக்கு ஷிஃப்டும் முக்காற்புள்ளியும், கழித்தல் குறி ஷிஃப்ட் இல்லாமல் 6. வாடகை நிறுவனத்தின் வலைப்பக்கத்துக்குள் திறக்கிற கன்சோலில் இது இன்னும் மோசம், அது அமெரிக்க அமைப்பு என்று நினைத்துக்கொண்டு ஏ தட்டினால் க்யூ காட்டும். கடவுச்சொல் தப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பயனர்பெயர் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டி என்ன விழுகிறது என்று பாருங்கள், ஆனால் அதை என்டர் அடிக்காமல் அழித்துவிடுங்கள். அடித்துவிட்டால் அந்தக் கடவுச்சொல் பயனர்பெயராக லாகில் பதிந்துவிடும்.

தமிழ்ப் பெயர் வைத்த படங்கள் லாகில் வெறும் எண்ணும் எழுத்துமாகத் தெரிகின்றன.

அது தமிழ்தான், உடைத்து எழுதியிருக்கிறது. யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். முகவரியில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் விழுக்காட்டுக் குறி வரும், அப்பாச்சி எரர் லாகில் பின்சாய்கோடும் எக்ஸும் வரும். 'க' என்பது %ஈ0%ஏஈ%95. ஆகவே %ஈ0%ஏஈ என்று க்ரெப் செய்தால் தமிழ் முகவரி உள்ள வரிகளில் அநேகமாக எல்லாம் சிக்கும். ஈ, ஏ இரண்டும் ஆங்கில எழுத்தில்தான், அதனால் -ஐ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் ஒரு பிழை வரும், தமிழ்த் தளம் நடத்துகிறவர்களுக்கு அதிகம் வருவது: 36, "ஃபைல் நேம் டூ லாங்". லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் 255 எழுத்து என்றால் யாருக்குப் போதாது, ஆனால் தமிழில் 85 குறிதான், அதிலும் 'கொ', 'மு' போன்றவற்றில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும், புள்ளியும் ஒரு குறி. விழுக்காட்டுக் குறியோடு உடைத்துச் சேமிக்கிற நிரலாக இருந்தால் ஒரு குறிக்கு 9, அதாவது 28 குறியோடு சரி. "சித்திரை வருடப்பிறப்புச் சிறப்புப் பூசை அழைப்பிதழ்" என்று பெயர் வைத்து ஏற்றினால் நிற்காது. பெயரைச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள், அமைப்பில் மாற்ற எதுவும் இல்லை.

எரர் லாக் காலியாக இருக்கிறது, ஆனால் தளம் 500 தருகிறது.

வேறு லாகுக்குப் போகிறது, அல்லது பிஎச்பி எழுதுவதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அல்லது வட்டு நிரம்பி எழுத இடமில்லை. மூன்றாவதை முதலில் பாருங்கள், இரண்டு நொடி வேலை: டிஎஃப் -எச் (டிஸ்க் என்பதன் டி). அதில் இடம் இருந்தும் சந்தேகம் இருந்தால் டிஎஃப் -ஐ, சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கலாம்.

வட்டு நிரம்பியதே லாகால்தான். அழித்துவிடலாமா?

ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். வெப் சர்வர் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும், பெயர் போய்விடும், இடம் திரும்பாது, லாகும் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். காலி மட்டும் செய்யுங்கள்:

சூடோ டிரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்

அதற்கு முன் கடைசி 500 வரியை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். இரண்டு ஜிபி லாக் சும்மா வராது.

நேற்றைய லாக் எங்கே?

எரர்.லாக்.1. அதற்கும் முந்தையவை எரர்.லாக்.2.ஜிஇசட் என்று சுருங்கி இருக்கும், அவற்றுக்கு இசட்லெஸ், இசட்க்ரெப். டெபியன் வழக்கப்படி 14 நாள் நிற்கும், அப்புறம் போயே போச்சு. "போன மாதம் ஒருநாள் விழுந்ததே" என்று இப்போது கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

தளம் டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டுகிற கருவி) ஓடுகிறது.

சூடோ டாக்கர் லாக்ஸ் --டெயில் 50 -எஃப் கன்டெய்னர்பெயர். நேரத்தோடு வேண்டுமென்றால் -டி (டெயிலின் முதல் எழுத்து) சேர்க்கவும். கன்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பினால் வழக்கமான அமைப்பில் பழைய லாகும் சேர்ந்து போய்விடும், அதனால் முதலில் லாக், பிறகு கை வைப்பது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இருக்கிற சர்வரோடு பேச நம் எழுத்து ஒவ்வொன்றும் கடலடிக் கேபிளில் போய் வர வேண்டும், மந்தமாகத்தான் இருக்கும். அறுந்தால் டெயில் நிற்கும், சர்வருக்கு எதுவும் ஆகாது. உள்ளே போனதும் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கிற திரை) தொடங்கி அதற்குள் வேலை செய்யுங்கள், அறுந்து மறுபடி வந்து டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடத்திலேயே இருக்கும். சும்மா இருந்தால் அறுகிறது என்றால் உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60.

விண்டோஸ்காரர்கள் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பவர்ஷெல்லில் எஸ்எஸ்எச் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ்.

லாகை உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

வாட்ஸ்அப்பில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், ஓரம் வெட்டுப்பட்டு முக்கியமான பாதி போய்விடும். எழுத்தாக எடுங்கள்:

சூடோ டெயில் -என் 300 /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் > பார்க்க.டிஎக்ஸ்டி

அனுப்பும் முன் அந்த ஃபைலைத் திறந்து ஒருமுறை படியுங்கள். ஐபி முகவரி, மின்னஞ்சல், கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, சிலசமயம் டேட்டாபேஸ் கடவுச்சொல்லே கூட அதில் இருக்கும். காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் தொலைபேசி எண் முகவரி வரியில் ஒட்டிக்கொண்டு வந்த லாகை நான் பார்த்திருக்கிறேன். மொரீஷியஸில் 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோவிலுக்கும் சங்கத்துக்கும் சேர்த்துத்தான். பெயரையும் எண்ணையும் எக்ஸ் எக்ஸ் என்று மாற்றிவிடுங்கள், ஆனால் நேரத்தையும் பிழை எண்ணையும் தொடாதீர்கள். சர்வர் எந்த மணியில் ஓடுகிறது, தளம் நம் மணியில் எப்போது விழுந்தது, அதற்கு முன் யாராவது எதையாவது புதுப்பித்தார்களா, இந்த மூன்றையும் கூடவே எழுதி அனுப்புங்கள்.